நிழலுக்கு இழுத்த தொட்டிகள்

மனைவி: இது சிவப்பா?

கணவன்: சிவப்புதான்.

மனைவி: கண்ணை நல்லாத் திறந்து பார்த்துச் சொல்லுங்க. இது சிவப்பா?

கணவன்: ஓரத்துல பாரு... லேசா ஒரு...

மனைவி: ஓரத்துல துரு ஏறின மாதிரி ஒரு கோடு! அதைக் காட்டி சிவப்புங்கறீங்க. இருபது தொட்டி. மொட்டை மாடி பூரா இருபது தொட்டி வெச்சு, இருபதும் பச்சை. வயிறு எரியுது எனக்கு.

கணவன்: மெதுவாப் பேசேன். ஞாயித்துக்கிழமை காலையில தெருவையே எழுப்பாதே.

மனைவி: எழுந்திரிக்கட்டும். வந்து பார்க்கட்டும். சிவப்பு லெட்யூஸ் விதை போட்டவ வீட்ல பச்சைக் கீரை வளர்ற அதிசயத்தை எல்லாரும் பார்க்கட்டும்.

கணவன்: பச்சையா இருந்தா என்ன இப்போ? கீரைன்னா பச்சையாத்தானே இருக்கும்.

மனைவி: என்னவா? ஒன்பது மணிக்கு மாஸ்டர் வர்றாருங்க!

கணவன்: எந்த மாஸ்டர்?

மனைவி: எந்த மாஸ்டரா... வாய் வலிக்க வலிக்க ரெண்டு வாரமா யாருகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்? செவுத்துகிட்டயா? எங்க துணிக்கடைக்கு ஏப்ரன் துணி எடுக்க வந்தாரே, பெரிய ஓட்டல் சமையல் மாஸ்டர். 'சிவப்பு லெட்யூஸ் நல்லபடியா வளத்துக் குடுங்கம்மா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு கூடை எடுத்துக்கிறேன்'னாரே, அவரு.

கணவன்: ஓ... அவரா. இன்னைக்கா?

மனைவி: இன்னைக்குத்தான். இலையைப் பார்ப்பாரு. புடிச்சிருந்தா ஆர்டர். புடிக்கலைன்னா வந்த வழியே போயிக்கிட்டே இருப்பாரு. பச்சை லெட்யூஸ் அவருக்கு மார்க்கெட்ல மூட்டை மூட்டையாக் கிடைக்குது. சிவப்புக்காகத்தான் மூணு மாடி ஏறி வர்றாரு.

கணவன்: விதைக்காரன் ஏமாத்திட்டான்.

மனைவி: விதைக்காரன் ஏமாத்தியிருந்தா முளைக்கும்போதே பச்சையா முளைச்சிருக்கும். இது சிவப்பா வளந்துச்சு. பீட்ரூட்டை நறுக்கிப் போட்ட மாதிரி இருந்துச்சு. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.

கணவன்: அப்போ தண்ணிதான். தண்ணியில குளோரின் ஜாஸ்தி.

மனைவி: அப்புறம்?

கணவன்: புறா வருது நிறைய.

மனைவி: புறா வந்து சாயத்தை நக்கிட்டுப் போச்சா?

கணவன்: என்னைக் கேட்டா? நீதானே தினமும் பார்க்கிறே.

மனைவி: நான் எப்போ பார்த்தேன்? காலையில அஞ்சரைக்கு டார்ச் அடிச்சுத் தண்ணி ஊத்துறேன். ராத்திரி கடை சாத்திட்டு வரும்போது எட்டரை. வெளிச்சத்துல பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமைதான். போன ஞாயிறு தங்கச்சி வீட்ல இருந்தோம். அதுக்கு முந்தின ஞாயிறு கடையில தள்ளுபடி விற்பனை, போயே ஆகணும்னு சொல்லிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் என் செடியை நான் வெளிச்சத்துல பார்க்கிறேன்.

கணவன்: அப்போ எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? நானும்தான் காலையில ஏழு மணிக்குப் போனா ராத்திரி ஏழு மணிக்கு வர்றவன்.

மனைவி: ஆமா. ஏழுக்கு ஏழு.

கணவன்: என்ன ஆமா?

மனைவி: ஆமான்னேன். வேற ஏதாவது சொல்லணுமா உங்களுக்கு?

கணவன்: நான் என்ன சொல்ல... ஒண்ணுமில்லை.

மனைவி: ஒண்ணுமில்லைன்னா கத்தியை எடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள அறுத்தாத்தான் இலை மொறுமொறுன்னு நிக்கும். அவர் வரும்போது ஒரு கூடையாவது ரெடியா இருக்கணும். இருக்கிறதுலயே கொஞ்சம் சிவப்பாத் தெரியுறதாப் பார்த்து அறுங்க.

கணவன்: நானா?

மனைவி: இல்ல, புறாவைக் கூப்பிடவா?

கணவன்: குடு, குடு... இந்த மூலையில ஆரம்பிக்கிறேன். பக்கெட்ல தண்ணி வெச்சிருக்கியா?

மனைவி: வெச்சிருக்கேன். ஈரத்துணியும் வெச்சிருக்கேன். குருத்துல கை வெச்சுடாதீங்க, செடி மறுபடி தழையணும்... ம்... ம்... பரவாயில்லையே.

கணவன்: என்ன பரவாயில்லை?

மனைவி: வெளி இலையை மட்டும் தொடுறீங்க. கட்டை விரலை உள்ளே குடுத்து, மண்ணுல இருந்து ரெண்டு விரக்கடை விட்டு, சாய்ச்சு அறுக்கிறீங்க. குருத்து ஆடவே இல்லை. யார் சொல்லிக் குடுத்தா?

கணவன்: நீ அறுக்கிறதைப் பார்த்திருக்கேன்ல.

மனைவி: நானா?

கணவன்: ஆமா.

மனைவி: நான் இந்தச் செடியில இதுவரைக்கும் ஒரு இலை அறுக்கலைங்க. மாஸ்டர் வந்து பார்க்கட்டும்னு பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். இன்னைக்குத்தான் முதல் அறுப்பு. தள்ளுங்க. தள்ளுங்கன்னேன். இது என்ன? அடியில, இங்க, காஞ்ச தழும்பு. இந்தத் தொட்டியிலயும் இருக்கு. இதுலயும் ரெண்டு. யாரு அறுத்தது?

கணவன்: நத்தை கடிச்சிருக்கும்.

மனைவி: நத்தை கத்தி வெச்சிருந்துச்சா? இவ்வளவு நேரா அறுத்திருக்கு?

கணவன்: அட, ரெண்டு இலை! ரெண்டு இலைதான்! சாப்பாட்டுக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்லைன்னு... அதுக்குப் போய் கோர்ட்ல நிக்க வெச்ச மாதிரி கேக்கிறியே.

மனைவி: எந்தச் சாப்பாட்டுக்கு?

கணவன்: என்ன எந்தச் சாப்பாட்டுக்கு?

மனைவி: காலையில சாப்பிட்டுட்டுப் போறீங்க. ராத்திரி நான் பக்கத்துல உக்காந்து பரிமாறுறேன். மத்தியானத்துக்கு டிபன் பாக்ஸ்ல கட்டிக் குடுக்கிறேன். மாடி ஏறி வந்து இலை அறுத்துத் தொட்டுக்கிட்டது எந்தச் சாப்பாட்டுக்கு?

கணவன்: காலையில கிளம்பும்போது ஒரு நாள் பறிச்சு பாக்ஸ்ல வெச்சுக்கிட்டேன். போதுமா?

மனைவி: ஒரு நாளா? இருபது தொட்டியில பதினாறுல தழும்பு இருக்கு.

கணவன்: எண்ணிட்டியா அதுக்குள்ள!

மனைவி: எண்ணுவேன். புள்ளை மாதிரி வளத்தவ எண்ணாம யாரு எண்ணுவா? கொஞ்சம் கீழ பாருங்க. தரையைப் பாருங்க.

கணவன்: தரைக்கு என்ன?

மனைவி: வெள்ளை வெள்ளையாக் கோடு. ஒவ்வொரு தொட்டிக்கு அடியில இருந்தும் கிளம்பி, அந்தத் தண்ணி டேங்க் வரைக்கும் போகுது. தேர் இழுத்த மாதிரி. நீங்க இழுத்தீங்களா, தொட்டி தானே நடந்து போச்சா?

கணவன்: மழைக்கு நகத்தியிருப்பேன்.

மனைவி: எந்த மழை? துணி காயப்போட்டு எடுக்க மறந்தாக்கூட நனைக்காத வானம். எந்த மழை?

கணவன்: யம்மா... உன்னோட பேசி ஜெயிக்க முடியுமா?

மனைவி: ஜெயிக்க வேண்டாம். பேசுங்க. ரெண்டு வாரமா உங்க இடுப்புக்குத் தைலம் தேச்சுத் தேச்சு என் உள்ளங்கை எரியுது. என்ன சொன்னீங்க? 'ஃபேக்டரியில மெஷின்கிட்ட குனிஞ்சே நிக்கிறேன், அதான் புடிச்சுக்கிச்சு.' தண்ணி ஊத்தின தொட்டி ஒண்ணொண்ணும் என்ன கனம் இருக்கும் தெரியுமா?

கணவன்: தெரியும். எனக்குத் தெரியாதா... இல்ல, பார்த்தாலே தெரியுமே.

மனைவி: திரும்புங்க.

கணவன்: எதுக்கு?

மனைவி: திரும்புங்கன்னா திரும்புங்க. இந்தக் கழுத்து என்ன இப்படிக் கறுத்திருக்கு? அட்டைப்பெட்டி ஃபேக்டரிக்கு உள்ள ட்யூப்லைட் வெயில் அடிக்குதா? செடி வெளுத்திருக்கு, நீங்க கறுத்திருக்கீங்க. அது மேல விழ வேண்டிய வெயில் யாரு மேல விழுந்திருக்கு?

கணவன்: சரி! சரிடி! நான்தான் இழுத்தேன். டேங்க் நிழலுக்கு நான்தான் இழுத்து வெச்சேன். என் வீட்டு மாடியில ரெண்டு தொட்டியை நகத்த எனக்கு உரிமை இல்லையா?

மனைவி: ஏன்?

கணவன்: ஏன்னா... அது பாவமா இருந்துச்சு.

மனைவி: எது?

கணவன்: செடிதான்! பன்னெண்டு மணிக்கு வந்து பார்த்திருக்கியா நீ? சுள்ளுனு அடிக்குது. எல்லாத் தலையும் தொங்கிப் போய், நனைச்ச துணி மாதிரி தொட்டி விளிம்புல கெடக்கும். செத்துப்போச்சுன்னே நெனச்சேன். நீ அவ்வளவு ஆசையா வளக்கிறே, சாகட்டும்னு விட்டுட்டா போக முடியும்?

மனைவி: லெட்யூஸ் மத்தியானம் தலை தொங்கும். சாயங்காலம் தானா நிமிந்துக்கும். வேர் ஈரமா இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது. வெயில் படப் படத்தான் அந்தச் சிவப்பே ஏறும். நீங்க பாவம் பார்த்து நிழல்ல வெச்சு வெச்சு அதோட நிறத்தையே எடுத்துட்டீங்க.

கணவன்: அது எனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: பன்னெண்டு மணிக்குத் தலை தொங்குறது மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்? கேக்கிறேன்ல. எந்தப் பன்னெண்டு மணி?

கணவன்: ஞாயித்துக்கிழமை.

மனைவி: போன ஞாயிறு நாம ரெண்டு பேரும் என் தங்கச்சி வீட்ல சாப்பிட்டுக்கிட்டிருந்தோம்.

கணவன்: அதுக்கு முந்தின ஞாயிறு. நீ கடைக்குப் போயிருந்தியே, அன்னைக்கு.

மனைவி: ஒரு நாள் நிழல்ல வெச்சா ஒரு செடி வெளுக்காது. ஒரு நாள் இழுத்தா தரையில கோடு விழாது. ஒரு நாள் வெயில்ல நின்னா கழுத்து கறுக்காது. நான் துணிக்கடையில நிக்கிறவதான். ஆனா முட்டாள் இல்லை. வேற ஏதாவது சொல்லணுமா?

கணவன்: அதையே ஏன் திரும்பத் திரும்பக் கேக்கிறே? என்னத்தைச் சொல்லணும்? ஒரு கீரைக்கு இந்தக் கத்து கத்துறியே... ஏதோ நம்ம வீட்ல சோத்துக்கே வழியில்லாத மாதிரி! இந்த ஆர்டர் போனா என்ன, அடுப்பு அணைஞ்சுடுமா? நான் ஒருத்தன் உழைச்சுக் கொண்டு வர்றேன்ல!

மனைவி: ...

கணவன்: என்ன, வாய் அடைச்சுப் போச்சா?

மனைவி: இல்லை. எண்ணிக்கிட்டிருந்தேன்.

கணவன்: என்னத்தை?

மனைவி: பத்து வரைக்கும். கோவம் வந்தா எண்ணணும்னு உங்களுக்கு நான்தானே சொல்லிக் குடுத்தேன். என்னைக்காவது எண்ணியிருக்கீங்களா?

மாஸ்டர்: அம்மா... மேல வரலாமா? கீழ கதவு திறந்து கிடந்துச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டேன், சத்தத்துல காது கேக்கல போல.

மனைவி: வாங்க மாஸ்டர், வாங்க. இது... எங்க வீட்டுக்காரர்.

மாஸ்டர்: வணக்கம் சார். அப்பாடி, மூணு மாடி! என் முட்டி ரெண்டும் இன்னைக்கு என்னைத் திட்டப் போகுது. எங்கே நம்ம சிவப்பு?

மனைவி: இதுதான்.

மாஸ்டர்: ம்... வேற வரிசை இருக்கா?

மனைவி: இல்லை மாஸ்டர். இதுதான் எல்லாம்.

மாஸ்டர்: ஓஹோ.

மனைவி: மூணு வாரம் முன்னாடி நீங்க பார்த்திருக்கணும். சத்தியமாச் சொல்றேன்...

மாஸ்டர்: இருங்கம்மா, ஒரு இலை வாயில போட்டுப் பார்க்கிறேன்... ம்... ம்ம்... அடடா.

கணவன்: கசக்குதா?

மாஸ்டர்: கசப்பா? துளிகூட இல்லை சார். வெண்ணெய் மாதிரி இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா அடுப்புகிட்ட நிக்கிறேன், இவ்வளவு மெத்துனு ஒரு இலை என் கைக்கு வந்ததில்லை. கைக்குழந்தையைத் தாங்குற மாதிரி தாங்கியிருக்கீங்க.

கணவன்: கேட்டியா? கேட்டுக்கோ.

மாஸ்டர்: வீட்ல யாரோ பகல் பூரா இதுங்க கூடவே இருந்திருக்காங்க. பதினோரு மணிக்கு நிழலுக்குக் கொண்டு போய், நாலு மணிக்குத் திரும்ப எடுத்து வெச்சு... ஒரு நாள் தவறாம செஞ்சாத்தான் இலை இப்படி வரும். யாரு சார், நீங்களா? ரிட்டயர் ஆயிட்டீங்களா?

கணவன்: இல்லை... நான் வந்து...

மனைவி: சொல்லுங்க. மாஸ்டர் கேக்கிறாருல்ல.

கணவன்: ஃபேக்டரியில... கட்டிங் மெஷின்ல இருக்கேன். இது சும்மா... லீவு நாள்ல.

மாஸ்டர்: லீவு நாள்லயா? நிறைய லீவு தர்றாங்க போல. நல்ல கம்பெனி சார், விட்டுடாதீங்க.

மனைவி: மாஸ்டர், ஆர்டர்...

மாஸ்டர்: அம்மா, உள்ளதைச் சொல்லிடுறேன். ருசி இருக்கு, ஆனா என் தட்டுல ஏற்கெனவே பச்சை இருக்கு, வெள்ளை இருக்கு. சாப்பிட வர்றவங்க முதல்ல கண்ணால சாப்பிடுறாங்க. எனக்கு வேண்டியது சிவப்பு. இந்தக் கூடையை நான் எடுத்துட்டுப் போனா என் முதலாளி, மார்க்கெட்லயே கிடைக்கிற பச்சையை எதுக்கு இவ்வளவு தூரம் போய் எடுத்துட்டு வந்தேன்னு என்னைத்தான் கேப்பாரு.

மனைவி: அப்போ அவ்வளவுதானா?

மாஸ்டர்: செடி சாகலையேம்மா. நல்ல வேர். பனிக்காலம் இன்னும் முடியல. இன்னையில இருந்து நாள் பூரா வெயில்ல விடுங்க. வெளி இலையை எல்லாம் அறுத்து நீங்க சாப்பிட்டுடுங்க. அடுத்து வர்ற குருத்து வெயிலைப் பார்த்துக்கிட்டே வந்தா, ஒரு பத்து நாள்ல சிவப்பு தன்னால ஏறும். அடுத்த ஞாயிறு விட்டு அதுக்கடுத்த ஞாயிறு வர்றேன்.

மனைவி: நிஜமாவா?

மாஸ்டர்: ஒரு தடவை வருவேன். அதுக்கு மேல இந்த முட்டி என் பேச்சைக் கேக்காது. அப்பவும் பச்சையா இருந்தா, வேற இடம் பார்த்துக்கிறேன், கோவிச்சுக்கக் கூடாது. இன்னொண்ணு... நடுத்தண்டு உயரமா எழும்ப ஆரம்பிச்சா விடாதீங்க. எழும்பிடுச்சுன்னா உள்ள பால் ஏறி வாய் வைக்க முடியாது. தினமும் மத்தியானம் ஒரு ஆள் வந்து பார்க்கணும்.

மனைவி: அதுக்கு ஆள் இருக்கு மாஸ்டர்.

மாஸ்டர்: யாரும்மா?

மனைவி: இருக்காங்க. நீங்க பார்த்து இறங்குங்க. ரெண்டாவது மாடி வளைவுல ஒரு படி உடைஞ்சிருக்கு.

மாஸ்டர்: வர்றேன் சார். வர்றேம்மா. ரெண்டு பேரும் கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கோங்க, தெருமுனை வரைக்கும் கேக்குது.

கணவன்: ...போயிட்டாரா?

மனைவி: போயிட்டாரு.

கணவன்: யாரு அந்த ஆளு?

மனைவி: எந்த ஆளு?

கணவன்: தினமும் மத்தியானம் வந்து பார்க்க ஆள் இருக்குன்னியே.

மனைவி: அதை நீங்கதான் சொல்லணும்.

கணவன்: நான் என்ன...

மனைவி: யோவ்!

கணவன்: என்னது... யோவா?

மனைவி: ஆமா, யோவ்தான்! பத்து, இருபது எல்லாம் எண்ணியாச்சு, நூறு தாண்டிப் போச்சு! இன்னும் எத்தனை பொய் பாக்கி இருக்கு? குளோரின், புறா, நத்தை, மழை, லீவு... இதுக்கு மேல என்ன இருக்கு? பேயா?

கணவன்: போச்சு.

மனைவி: என்ன போச்சு?

கணவன்: வேலை போச்சு! போதுமா? வேலை போச்சு! கேக்கணும்னு துடிச்சியே, கேட்டுக்கோ. நான் ஃபேக்டரிக்குப் போகலை. காலையில ஏழு மணிக்கு இறங்கி, பார்க்ல ஒரு மரத்தடியில உக்காந்திருப்பேன். நீ எட்டரைக்குக் கடைக்குக் கிளம்பினதும் திரும்பி வந்துடுவேன். மாடியில உக்காந்து, நீ கட்டிக் குடுத்ததை, இந்தச் செடிங்களோட உக்காந்து சாப்பிடுவேன். ரெண்டு இலை தொட்டுக்குவேன். பேச்சுத்துணைக்கு அதுங்கதான்.

மனைவி: எப்படிப் போச்சு?

கணவன்: புதுசா ஒரு சூப்பர்வைசர். மெஷின்ல கை மாட்டாம இருக்க ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதைக் கழட்டிட்டு ஓட்டுன்னான், வேகமா ஓடுமாம். மாட்டேன்னேன். எல்லார் முன்னாடியும் 'உனக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது, அதான் பயப்படுற'ன்னான். ஏப்ரனைக் கழட்டி அவன் மூஞ்சியில வீசிட்டு...

மனைவி: வந்துட்டீங்க.

கணவன்: வந்துட்டேன்.

மனைவி: ரெண்டு மாசமா சம்பளம்னு குடுத்தீங்களே?

கணவன்: கணக்கு முடிச்சுக் குடுத்ததுல இருந்து எடுத்துக் குடுத்தேன். அடுத்த மாசத்துக்கும் இருக்கு. அதுக்குள்ள வேற வேலை கிடைச்சுடும்னு... பத்து இடம் ஏறி இறங்கிட்டேன். என் வயசைக் கேட்டதும் தண்ணி குடுத்து அனுப்பிடுறாங்க.

மனைவி: ஏன் சொல்லல?

கணவன்: எப்படிச் சொல்றது? இது மூணாவது வேலை. ரெண்டாவதை விட்டுட்டு வந்தப்போ நீ என்ன சொன்னே? மறந்துட்டியா? 'இன்னொரு தடவை கோவத்துல வேலையை விட்டுட்டு வந்து நின்னீங்கன்னா, அன்னைக்கே பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்'னு சொன்னே. சொன்னதைச் செய்யிறவ நீ. அதான் பயம்.

மனைவி: அதுக்காக பொய்யா? தினமும் விடியக் காலையில எழுந்து டிபன் கட்டினேனே, அதை வாங்கும்போது ஒரு நாளாவது கை கூசலையா?

கணவன்: கூசிச்சு. தினமும் கூசிச்சு.

மனைவி: வீசினதுக்கு எனக்குக் கோவமில்லை. கையை மெஷினுக்குக் குடுத்துட்டு வந்திருந்தாத்தான் நான் உங்களை மன்னிச்சிருக்க மாட்டேன். அவன் மூஞ்சியில வீசினீங்க, சரி. வீசிட்டு நேரா வீட்டுக்கு வந்து, 'இந்தாடி, இப்படி ஆச்சு'ன்னு சொல்லியிருந்தா, ரெண்டு நாள் கத்தியிருப்பேன். மூணாவது நாள் ஆறியிருக்கும்.

கணவன்: உனக்கா? மூணு நாள்லயா?

மனைவி: சரி, ஒரு வாரம். சிரிக்காதீங்க! இப்ப சிரிச்சீங்க, இந்தப் பக்கெட் தண்ணி தலையில விழும். புடிங்க இதை.

கணவன்: என்ன இது?

மனைவி: போட்டுக்கோங்க. செடி சிவப்பா பச்சையான்னு நல்லாத் தெரியும்.

கணவன்: என் கண்ணாடி... இது... இதைத் தொலைச்சுட்டேன்னு உன்கிட்ட...

மனைவி: பஸ்ல தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்க. நல்லாத்தான் சொன்னீங்க.

கணவன்: இது மெஷின் மேலதானே இருந்துச்சு! வீசிட்டு வந்த வேகத்துல மறந்து... உன்கிட்ட எப்படி வந்துச்சு?

மனைவி: உங்க ஃபேக்டரியில வருகை எழுதுற டைம் ஆபீஸ்காரர் அன்னைக்கே சாயங்காலம் கடைக்கு போன் பண்ணினாரு. 'அண்ணி, அண்ணன் கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டாரு, வழியில வாங்கிட்டுப் போயிடுங்க, கோவத்துல இருப்பாரு, எதுவும் கேக்காதீங்க'ன்னாரு. போய் வாங்கிட்டு வந்தேன். எதுவும் கேக்கல.

கணவன்: அப்போ... அன்னைக்கே தெரியுமா? இத்தனை நாளும் தெரிஞ்சுக்கிட்டேவா எனக்கு டிபன் கட்டினே?

மனைவி: ஆமா.

கணவன்: இடுப்புக்குத் தைலம் தேச்சதும்?

மனைவி: அழுத்தித் தேச்சேன்ல? தெரிஞ்சுதான்.

கணவன்: அடிப்பாவி. என்னை என்னமோ திருடனைப் புடிச்ச மாதிரி தரையைக் காட்டி, கழுத்தைக் காட்டி... நீயும்தானே மறைச்சே! ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!

மனைவி: கேட்டு வாங்குற உண்மை எனக்கு வேண்டாம். நீங்களா சொல்லணும். இன்னைக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். இந்த ஆர்டர் கையில வந்தா, 'ஒண்ணும் பயமில்லை, சொல்லுங்க'ன்னு நானே ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். அதையும் நிழலுக்கு இழுத்துட்டீங்க.

கணவன்: நீ ஏதோ ஆசைக்கு வளக்கிறேன்னுல்ல நெனச்சேன். ஒரு ரோஜாச் செடிகூட வெச்சதில்லையே நீ...

மனைவி: இன்னும் பத்து நாள். வெயில்ல நிக்கட்டும். தலை தொங்கினா தொங்கட்டும். தொட்டியில கை வெச்சீங்க, கை இருக்காது.

கணவன்: வெக்கல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. சொன்னதைச் செய்யிறவதானே நீ? அன்னைக்கே தெரிஞ்சுதுன்னா, ஏன் உன் தங்கச்சி வீட்டுக்குப் போகல?

மனைவி: போனேனே. மறுநாள் காலையில ஷூ லேஸை இழுத்துக் கட்டிக்கிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு, நேரமாச்சு நேரமாச்சுன்னு ஓடினீங்க பாருங்க... அதைப் பார்த்துட்டு, கடைக்கு லீவு சொல்லிட்டு, பெட்டியோட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். பஸ் வர்றதுக்குள்ள, எதிர்த்தாப்ல இருந்த விதைக்கடையைத் திறந்துட்டாங்க. மாஸ்டர் கேட்ட சிவப்பு விதையை வாங்கிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிட்டேன்.